உறுதியில் இல்லாத கோணம்

அலஸ்தோட்டத்தில், கடலுக்கு இரண்டு தெரு உள்ளே,
ஒரே தாய் ஒரே நாளில் எழுதிக் கொடுத்த
இரண்டு காணிகள்.
உறுதியில் இரண்டுக்கும் ஒரே வாசகம்:
வடக்கே அறுபத்தாறு அடி, கிழக்கே அறுபத்தாறு,
தெற்கும் மேற்கும் அதுவே.
ஆளுக்குப் பதினாறு பேர்ச்.

மூத்தவள் மங்களேஸ்வரி
நாடாவை ஆணியில் கொழுவி
எனக்கு முன்னால் நான்கு பக்கமும் இழுத்துக் காட்டினாள்.
முதலில் தன்னுடையதை. பிறகு தங்கையுடையதை.
ஓர் அங்குலம் பிசகவில்லை.
"கண்டீங்களோ சேர்,
இவளுக்கு மனம்தான் சின்னன்."

சுகிர்தா ஒன்றும் பேசவில்லை.
பதினொரு வருடமாகப் பேசி அலுத்தவள்.
அக்கா வீட்டு வரைபடத்தையே கொடுத்து
அத்திவாரம் வெட்டச் சொன்ன அன்று
குசினி மூலை வேலியில் முட்டியதாம்.
மேசன் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு சிரித்தானாம்.
அந்தச் சிரிப்பைத்தான் இன்னும் மறக்கவில்லை.

நஸீர் கருவியின் மூன்று கால்களையும் மண்ணில் ஊன்றினான்.
மூன்று கால் எந்த மேட்டிலும் ஆடாது.
மூன்று பக்கம் சொல்லிவிட்டால் முக்கோணியும் அப்படித்தான்:
யார் வரைந்தாலும் அதே முக்கோணி,
வேண்டுமானால் புரட்டிப் போடலாம், அவ்வளவே.
நான்கு பக்கம் அப்படி இல்லை.
மூலை இறுகாத கதவுச் சட்டம்,
ஒரு விரல் பட்டால் சாயும்.
நீளம் எதுவும் குறையாது,
உள்ளே இருக்கிற இடம் குறையும்.
தள்ளியவர் யாரென்று
சட்டத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

முதற்காணி: தொண்ணூறு, தொண்ணூறு,
மற்ற இரண்டையும் பார்க்கவே தேவையில்லை.
அடுத்ததில், கண்ணாடிக்குள் எழுபது விழுந்தது.
பக்கத்து மூலை நூற்றுப்பத்து.
எதிர்மூலை மறுபடி எழுபது.
தெரு அந்த இடத்தில் வளைகிறது,
வேலியும் அதனோடு வளைந்து போயிருக்கிறது.

பாகை சொன்னால் யாருக்கு விளங்கும்?
மூலைக்கு மூலை கயிறு பிடியுங்கோ என்றேன்.
அக்காவின் காணியில் குறுக்கே வெட்டிய கயிறு
மறு குறுக்குக்கும் அளவாகப் பொருந்தியது.
அதே கயிறு தங்கையின் காணியில்
ஒரு குறுக்குக்கு எட்டவில்லை.
மற்றக் குறுக்கில்
பதினேழு அடி மிஞ்சி
மங்களேஸ்வரியின் காலடியில் விழுந்தது.

ஊரின் பெயரிலேயே கோணம் இருக்கிறது.
பேருந்தின் நெற்றியில், தபால் முத்திரையில்,
மலையில் குடியிருக்கும் ஈசனின் பெயரில்.
உறுதி எழுதிய நொத்தாரிசுக்கு மட்டும்
அது ஞாபகம் வரவில்லை.
நான்கு நீளத்தை எழுதிவிட்டு
எழும்பிப் போய்விட்டார்.

"எவ்வளவு குறையுது?"
"ஒரு பேர்ச்."
"ஒரு பேர்ச்சில என்ன வரும்?" என்றாள் மூத்தவள்,
என்னிடம் கேட்பதுபோல.
"ஒரு அறை வரும்," என்றாள் சுகிர்தா.
அதற்குமேல் யாரும் கதைக்கவில்லை.
வேலிக்கு அப்பால் ஐஸ்கிறீம் வண்டி
பாட்டை நிறுத்தாமல் போனது.

இரவு, உவர்மலையில், மேசைவிளக்கின் கீழ்
இரண்டு காணிகளையும் மெழுகுத்தாளில் வரைந்து
ஒன்றன்மேல் ஒன்றை வைத்துப் பார்க்கிறேன்.
திருப்பி வைத்தும், புரட்டி வைத்தும்.
ஒரு பக்கத்தைப் பொருத்தினால்
மற்ற மூன்றில் ஒன்றாவது விலகிவிடுகிறது.
எப்படி வைத்தாலும் எனக்கு மிஞ்சுவது அந்த ஒரு பக்கம்,
நடுவேலி.
பள்ளிக்கூடத்தில் நிறுவலின் ஓரத்தில்
காரணம் கேட்டால் எழுதுவோமே,
பொதுப்பக்கம் என்று,
வேறு விளக்கம் கேட்காமல் சரி போடுவார்கள்.

அறிக்கையில் அதை எழுத இடம் இல்லை.
இன்னொன்றையும் எழுதவில்லை:
வெளிக்கிடும்போது நஸீர் கயிற்றைச் சுற்றப் போக,
மங்களேஸ்வரி மிஞ்சிய நுனியை விடாமல்
"இதை வைச்சிட்டுப் போங்கோ தம்பி,
நாளைக்குத் தாறன்," என்றாள்.
எதற்கென்று அவனும் கேட்கவில்லை.